ஒரு நாள், மூன்று சோழர் கோயில்கள், ஒரு வழிகாட்டி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் தனி வண்டி, தனி வழிகாட்டி வைத்து ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். நான் கும்பகோணத்துக்காரி. இந்தக் கோயில்களில் வழிகாட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் "வழிகாட்டி தேவையில்லை" என்று எங்காவது சொல்லியிருந்தால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

கேள்வி (சென்னை): அக்கா, மூன்று கோயிலும் ஒரே நாளில் நிஜமாகவே முடியுமா? எதில் ஆரம்பிப்பது?

முடியும். ஆனால் முதல் நாள் ராத்திரியே தஞ்சாவூர் வந்து தங்கிவிட வேண்டும். சென்னையிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி அன்றைக்கே திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாலையைத்தான் பார்ப்பீர்கள், கோயிலை அல்ல. உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். குளித்துவிட்டுக் கிளம்ப ஒரு அறை மட்டும் இருந்தால் போதும்.

பெரிய கோயிலை ஆறு, ஆறரைக்குத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. ஒன்பது, ஒன்பதரைக்கு வெளியே வந்து டிபன். அடுத்தது தாராசுரம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், தாராசுரம் அதற்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்பே வந்துவிடும். பத்தரைக்குப் போனால் நடை சாத்துவதற்குள் தரிசனமும் ஆகும், சிற்பங்களுக்கும் நேரம் இருக்கும். கும்பகோணத்தில் சாப்பாடு, சற்று ஓய்வு. இரண்டே முக்கால், மூன்றுக்குக் கிளம்பி அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அது இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நான்கு மணிக்குச் சன்னதி திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். மாலை வெயில் விமானத்தின் மேற்கு முகத்தில் விழும் நேரம் அது. திரும்பி தஞ்சாவூர் வர எட்டு, எட்டரை ஆகிவிடும். மொத்த ஓட்டம் நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுதான்.

சென்னைப் பக்கத்திலிருந்து காரில்தான் வருவேன் என்றால், வரும் வழியிலேயே கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். முதல் நாள் மாலை அதைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்தில் தங்குங்கள், மறுநாள் மற்ற இரண்டும். "ஒரு நாள்" என்று கேட்பவர்களுக்கு என் மனசுக்குள் இருக்கும் பதில் எப்போதும் இந்த ஒன்றரை நாள்தான்.

கேள்வி (கோவை): அப்படியே நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா? டிராவல்ஸில் முடியும் என்கிறார்கள்.

வேண்டாம். நவக்கிரக யாத்திரை வேறு நோக்கம். அதற்கென்று ஒரு நாள் வையுங்கள், அர்ச்சனைத் தட்டோடு போய் வாருங்கள். இரண்டையும் கலந்தால் எல்லாக் கோயிலிலும் செருப்பைக் கழற்றி மாட்டிய நினைவு மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி (பெங்களூர்): நல்ல வழிகாட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் பேசும்போது எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் உரிமம் கொடுத்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள், மாநிலச் சுற்றுலாத் துறையிடம் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையே எல்லாம் ஆகிவிடாது. அட்டை இல்லாத, ஆனால் கல்வெட்டை விரல் வைத்து வாசிக்கத் தெரிந்த உள்ளூர் ஆசிரியர்களும் இந்தப் பக்கம் உண்டு.

அப்புறம் போனிலேயே ஒரு கேள்வி போடுங்கள்: "பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தைச் சேராதவை எவை?" தெரிந்தவர் தயங்காமல் அடுக்குவார். இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். முருகன் சன்னதியும் நாயக்கர் காலம்தான், அதன் நுணுக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மன் சன்னதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எடுத்தது. பிள்ளையார் சன்னதியில் மராட்டியர் கை இருக்கிறது. தென்மேற்குத் திருச்சுற்றுச் சுவரில் மராட்டிய மொழியில் போன்ஸ்லே வம்சத்தின் நீண்ட வரலாறே 1803இல் வெட்டப்பட்டிருக்கிறது. "எல்லாமே ராஜராஜன் கட்டியது சார்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்தால், நீங்களும் அவரோடு ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நல்ல வழிகாட்டி உங்களிடம் திருப்பிக் கேட்பார்: யார் யார் வருகிறீர்கள், வயதானவர் உண்டா, சாமி கும்பிடுவது முக்கியமா, சிற்பமா, வரலாறா? எதுவுமே கேட்காமல் ரேட் மட்டும் சொல்பவர் எல்லோருக்கும் ஒரே கேசட்டைத்தான் போடுவார்.

கேள்வி (திருப்பூர்): செலவு எப்படிக் கணக்கிடுவார்கள்? போன முறை வேறு ஊரில் கடைசியில் தலையில் துண்டு போட்டுவிட்டார்கள்.

வண்டி தனி, வழிகாட்டி தனி என்று பிரித்துப் பேசுங்கள். முதல் விதி அது.

வண்டியில் இரண்டு முறை உண்டு. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் அல்லது பத்து மணி நேரம், நூறு கிலோமீட்டர் என்ற உள்ளூர் வாடகை ஒன்று. இந்தச் சுற்று அதைத் தாண்டிவிடும், தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மணிக்கும் தனிக் காசு. இன்னொன்று வெளியூர் வாடகை. நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று வைத்து, ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குப் பணம் கேட்பார்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி. இரண்டு முறையிலும் எவ்வளவு வரும் என்று கேட்டு, குறைவானதை எடுங்கள். மீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கும், அவர்கள் ஷெட்டிலிருந்தா, உங்கள் வாசலிலிருந்தா? சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வழிகாட்டிக்குப் பாதி நாள், முழு நாள் என்று கட்டணம். ஆட்கள் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும். ஆங்கிலம் தவிர பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழி கேட்டால் கூடுதல். மூன்று கோயிலுக்கும் கூடவே வருகிறாரா, தஞ்சாவூரோடு நின்றுவிடுவாரா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். கூட வந்தால் அவர் சாப்பாடும், திரும்ப ஊர் சேருவதும் உங்கள் பொறுப்பு.

இந்த மூன்று கோயிலிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. யாராவது "டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன்" என்றால் உஷார்.

கேள்வி (அதே திருப்பூர் நண்பர்): டிரைவர் பட்டுப் புடவைக் கடைக்கும் சிலைக் கடைக்கும் கூட்டிப்போவாரா?

போவார். கமிஷன் உண்டு. "இன்றைக்குக் கடை வேண்டாம் தம்பி" என்று காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், முடிந்தது. ஆனால் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை பார்ப்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாராசுரத்திலிருந்து பக்கம்தான். மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் வேலையை அரை மணி நின்று பார்த்தால், அதற்கப்புறம் எந்த மியூசியத்தில் செப்புத் திருமேனியைப் பார்த்தாலும் கண் வேறு மாதிரி பார்க்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

கேள்வி (சேலம்): பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒரே கல், இதெல்லாம் உண்மையா? என் மகனுக்குப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நிழல் விழும். காலை ஏழு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நில்லுங்கள், நீங்களே அதில்தான் நிற்பீர்கள். மகனையும் கூட நிறுத்துங்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் மாதங்களில் உச்சிப் பொழுதில் நிழல் அதன் அடுக்குகளிலேயே அடங்கிவிடும், அவ்வளவுதான். அப்படி எந்த உயரமான கூம்புக் கட்டடத்துக்கும் நடக்கும். உச்சியில் இருப்பது ஒரே கல் அல்ல, பல கற்களை இழைத்துப் பொருத்திய சிகரம் என்பதே தொல்லியல் அறிஞர்கள் சொல்வது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றிய கதையை ஊர்க் கதையாக ரசிக்கலாம்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. இல்லாத அதிசயத்தைச் சொல்லி, இருப்பதைக் காட்டாமல் விட்டுவிடுகிறோம். 216 அடி உயரம். கல் கிடைக்காத வண்டல் பூமி. புதுக்கோட்டை வட்டாரத்திலிருந்துதான் கற்கள் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1010இல், ராஜராஜனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டு 275ஆம் நாள், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுக்கப்பட்டது என்று நாள் கணக்கோடு கல்வெட்டு சொல்கிறது. பெருந்தச்சன் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதருக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம். கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதவிலக்கம் இது. நிழலைத் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கேள்வி (மதுரை): கல்வெட்டை நாமே வாசிக்க முடியுமா? எழுத்து புரியவே இல்லையே.

கொஞ்சம் முடியும். வழிகாட்டி தேவைப்படுவதே இந்த இடத்தில்தான். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரி வரியாக ஓடுகிற எழுத்துக்கு முன்னால் உங்களை நிறுத்தி, "இது க, இது ர, இது புள்ளி இல்லாத மெய்" என்று நான்கைந்து எழுத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் "ஸ்ரீராஜராஜ" என்பதை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அதன் பிறகு அந்தப் பெயர் சுவரெங்கும் உங்களைப் பார்த்துக் கூப்பிடும்.

நான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், நம் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று அரசன் வாய்மொழியாக ஆணையிட்ட செய்தி அங்கே இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. தன் மனைவியருக்கு முன்னால் அக்காளைச் சொல்கிறான் பாருங்கள்.

விளக்குக் கொடை வந்தால் விளக்கம் கேளுங்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அதிலிருந்து தினம் ஒரு உழக்கு நெய். ஆடு சாகும், மூப்படையும், குட்டியும் போடும். ஆகவே எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு என்று அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வங்கி அதிகாரி இதைக் கேட்டுவிட்டு "பிக்சட் டெபாசிட்!" என்றார். பொருத்தம்தான்.

இந்த எழுத்துகள் இருந்தும் கட்டியவன் யார் என்பதே ஒரு காலத்தில் குழப்பமாக இருந்தது. ஆங்கிலேய அறிஞர் பர்னல், கட்டியவன் குலோத்துங்கன் என்று எண்ணினார். ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞரான ஹூல்ஷ் கல்வெட்டுகளைப் படித்துத்தான் ராஜராஜன் என்று உறுதி செய்தார்.

கேள்வி (நெல்லை): உள்ளே இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்க்கலாமா? 108 கரணங்கள்?

பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கின்றன, நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். கரணம் என்னும் நாட்டிய நிலைகளைக் காட்டும் சிற்பங்கள் மேல் தளத்தில். 81 மட்டும் செதுக்கப்பட்டு மீதி வெறும் கல்லாகவே நிற்கின்றன, ஏன் நின்றது என்பது யாருக்கும் தெரியாத கதை. வளாகத்திலேயே இருக்கும் விளக்க மையத்தில் ஓவியங்களின் படங்கள் வைத்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள். "உள்ளே கூட்டிப்போகிறேன், தனியாகக் கவனியுங்கள்" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): அப்பாவுக்கு 74 வயது, முட்டி வலி. கூட்டி வரலாமா?

தாராளமாக. ஆனால் வெயிலில் கல் தரை அவருக்கு எதிரி. செருப்பை வாசலிலேயே விட வேண்டும், சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்குப் பெரிய கோயில் முற்றத்தில் காலை வைக்க முடியாது. விரிப்புப் போட்டிருந்தாலும் எல்லா இடத்திலும் இருக்காது. தடித்த காலுறை எடுத்து வாருங்கள். சன்னதிக்கு ஏறும் படிகள் உயரம் அதிகம், தாராசுரத்தில் மண்டபத்துக்கு ஏறுவதும் அப்படித்தான். எந்த இடத்தில் அப்பா உட்கார்ந்துகொள்ளலாம், எதை அங்கிருந்தே பார்க்கலாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப அமைப்பார். திருச்சுற்று மாளிகை நிழலில் உட்கார்ந்து விமானத்தைப் பார்ப்பதும் தரிசனம்தானே ஐயா.

மூன்றையும் திணிக்காதீர்கள். அவருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

கேள்வி (மும்பை): குழந்தைகளுக்குப் போர் அடிக்குமே. எட்டு வயது, பதினொரு வயது.

பெரிய கோயிலில் இரண்டாவது வாசல், ராஜராஜன் திருவாயில். இரண்டு பக்கமும் மிகப் பெரிய துவாரபாலகர்கள். காவலர் காலை வைத்திருக்கும் கதாயுதத்தைச் சுற்றி ஒரு பாம்பு. அந்தப் பாம்பின் வாயில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். யானை! பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பாம்பு எவ்வளவு பெரிது? அந்தப் பாம்பு கயிறு மாதிரி சுற்றியிருக்கிற காவலர் எவ்வளவு பெரியவர்? அவரே வியந்து கையை விரித்து உள்ளே இருப்பவரைக் காட்டுகிறாரே, அப்படியானால் உள்ளே இருப்பவர்? ஒரு கணக்கைக் கல்லில் போட்டு வைத்திருக்கிறான் சிற்பி. எட்டு வயதுக்கு அது அப்படியே புரியும், பெரியவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

தாராசுரத்தில் ஒரே தலையில் காளையும் யானையும் தெரிகிற சிற்பத்தைத் தேட விடுங்கள். கையால் உடம்பை மறைத்து மறைத்துப் பார்ப்பார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிங்கக் கிணறு இருக்கிறது, புல்தரை இருக்கிறது, ஓடட்டும்.

கேள்வி (புதுச்சேரி): அரை நாள்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று என்றால்?

தாராசுரம். பெரிய கோயிலைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பெரிய கோயில் உங்களை நிமிர்ந்து பார்க்க வைக்கும், யார் துணையும் இல்லாமல் அது தன் வேலையைச் செய்துவிடும். தாராசுரம் குனிந்து பார்க்க வேண்டிய கோயில். இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுத்தது, விமானம் 85 அடிதான். ஆனால் ஒரு சாண் இடம் விடாமல் வேலை.

கருவறைச் சுவரின் அடியில், கிட்டத்தட்ட முழங்கால் உயரத்தில், அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. பெரும்பாலானோர் இதைத் தாண்டி நடந்து போய்விடுவார்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறது, எதிரே சுந்தரர். உள்ளங்கை அகலக் கல்லில் குளம், கோயில், ஆட்கள் எல்லாம் இருக்கும். மேலே பெயரும் எழுதியிருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடி அதிக காலம் ஆகாதபோதே அதைக் கல்லில் படமாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் தனியாக வந்து கண்டுபிடிப்பது கஷ்டம். வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதானால் இங்கே கொடுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): தாராசுரத்தில் தட்டினால் ஸ்வரம் வரும் படிகள்?

பலிபீடத்தருகே இருக்கின்றன. தட்டித் தட்டியே தேய்த்துவிடுவார்கள் என்று கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். நல்லது.

கேள்வி (ஓசூர்): சரி, கங்கைகொண்ட சோழபுரத்தில் வழிகாட்டி இல்லாமல் எதைப் பார்ப்பது?

முதலில் தூரத்தில் நின்று விமானத்தின் கோட்டைப் பாருங்கள். தஞ்சாவூர் நேராக, விறைப்பாக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். அப்பன் ராஜராஜனை மிஞ்சக் கூடாது என்று, இதைக் கட்டிய ராஜேந்திரன் உயரத்தைக் குறைத்தான் என்பார்கள். அது அவன் மனசுக்குத்தான் தெரியும். உள்ளே லிங்கம் பதின்மூன்று அடி.

வடக்கு வாசல் படிக்கு வாருங்கள். ஒரு பக்கம் சரஸ்வதி, இன்னொரு பக்கம் நாயன்மார்களில் ஒருவரான சண்டேசர். இந்தச் சண்டேச அனுக்கிரக மூர்த்திக்காக மட்டுமே இவ்வளவு தூரம் வரலாம். சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. காலடியில் சண்டேசர் மண்டியிட்டுக் கை கூப்பித் தலை குனிந்திருக்கிறார். சிவன் ஒரு பூமாலையை எடுத்து அவர் தலையில் சுற்றிக் கட்டுகிறார். விரல்களைப் பாருங்கள், பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிற நிதானம். கங்கை வரை படை அனுப்பி வென்ற அரசன் தன்னையே சண்டேசர் இடத்தில் வைத்துக்கொண்டான் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அதை நம்ப ஆசைப்படுகிறவள்.

பிறகு ஒரே கல்லில் தாமரைத் தேராக அமைந்த நவக்கிரகம். நேரம் இருந்தால் மாளிகைமேடு, இரண்டு கிலோமீட்டருக்குள். அகழாய்வில் வெளிவந்த செங்கல் அடித்தளம்தான் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேல் ஒரு பேரரசின் தலைநகரம் இது. கோயிலின் மதிலைக் கூட 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நீங்கள் வரும் வழியில் தாண்டுகிற அணைக்கரை அதுதான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் பார்த்திருக்கிறோம். அடுத்த மாதம் குடும்பமாகத் தஞ்சாவூர் வாறம். எங்களுக்கு விசேஷமாகப் பார்க்க ஏதும் உண்டோ?

வாங்கோ. பொலன்னறுவையில் பார்த்த சிறிய சோழர் கற்கோயிலை மனதில் வைத்துக்கொண்டு பெரிய கோயிலுக்குள் நுழையுங்கள். ஒரே காலத்து ஆட்சி, ஒரே கட்டடக் குடும்பம், அளவுதான் வேறு. ராஜராஜன் இந்தக் கோயிலுக்கு வருமானம் விட்ட ஊர்களில் ஈழமண்டலத்து ஊர்களும் உண்டு, அந்தக் கல்வெட்டு எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் முதல் நாளே சொல்லிப் படித்து வரச் சொல்லுங்கள், அதற்குத்தானே சம்பளம். மதியம் நடை சாத்தும் நேரத்தில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் போங்கள். 1011ஆம் ஆண்டுத் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளைமேல் கை சாய்த்த செப்புச் சிவன், அங்கே நிற்கிறார். காளை இல்லை, சாய்ந்த கை மட்டும் இருக்கிறது. காளை தானாகத் தெரியும்.

கேள்வி (அமெரிக்காவில் வசிப்பவர்): என் கணவர் அமெரிக்கர். உள்ளே விடுவார்களா?

சிற்பங்களில் பெரும்பகுதி வெளிச்சுற்றில்தான், அதற்குத் தடை இல்லை. உள்ளே போவதைப் பற்றிக் கோயிலில் எழுதி வைத்திருப்பதையும் அங்கே இருப்பவர்கள் சொல்வதையும் கேட்டு நடங்கள். வேட்டி கட்டி வந்தால் மரியாதையாக இருக்கும். தோளும் முழங்காலும் மறைந்த எந்த உடையும் போதும்.

கேள்வி (நாகர்கோவில்): கேமரா?

வெளியே எடுக்கலாம். சன்னதிக்குள் கூடாது. முக்காலி வேண்டுமென்றால் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், டிரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): எந்த மாதம், எந்தக் கிழமை நல்லது?

தை, மாசி. மார்கழியும் பரவாயில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் தாராசுரத்தில் பள்ளமாக இருக்கும் இடங்களில் தண்ணீர் தேங்கிவிடும், அந்த அடிச்சுவர்ச் சிற்பங்கள் அருகே போக முடியாது. மழை நாளில் கல்லின் நிறம் அழகாக இருக்கும் என்பதும் உண்மை, குடையோடு வர மனசு இருந்தால் வாருங்கள்.

பிரதோஷத்தன்று மாலை பெரிய கோயிலில் நந்திக்கு அபிஷேகம், கூட்டம் நெருக்கும். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை, சிற்பம் பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஊரே திரளும். ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்த நாள் விழா. மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி அலங்காரம். எதற்கு வருகிறோம் என்று முடிவு செய்துகொண்டு பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி): வழிகாட்டிக்கு டிப்ஸ், அர்ச்சகர் தட்டு, டிரைவர்… எவ்வளவு என்று சொல்லுங்களேன்.

தட்டில் போடுவது உங்களுக்கும் சாமிக்கும் இடையில். யாரும் இவ்வளவு என்று கேட்கக் கூடாது, கேட்டால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். டிரைவருக்குப் பேட்டா போக ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார். காலை ஐந்தரையிலிருந்து வண்டியில் இருக்கிறவர் அவர். வழிகாட்டிக்குப் பேசிய காசு போதும். நன்றாகச் சொன்னார் என்று தோன்றினால் அடுத்து வருகிற உங்கள் சொந்தக்காரருக்கு நம்பரைக் கொடுங்கள், அதைவிடப் பெரிய டிப்ஸ் எங்கள் தொழிலில் இல்லை.

கேள்வி (கடைசியாக, தாம்பரத்திலிருந்து): கும்பகோணத்தில் மதியம் எங்கே சாப்பிடுவது?

கடை பெயர் சொன்னால் மற்ற கடைக்காரர்கள் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். வாழை இலை போட்டு, ரசத்தைத் தனிக் கிண்ணத்தில் வைக்காமல் இலையிலேயே ஊற்றுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். டிகிரி காபியை மட்டும் நெடுஞ்சாலைப் பலகைகளை நம்பிக் குடிக்காதீர்கள், ஊருக்குள் வந்து குடியுங்கள். இரண்டரைக்கு மேல் இலை முன்னால் உட்காராதீர்கள், அணைக்கரையில் நெரிசல் பிடித்தால் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளிச்சம் போய்விடும்.